மூடிவைத்து எழுதினால் பாடம் நிற்கிறது

கல்லூரிப் பாடநூலில் ஒரு அத்தியாயத்தை முழுசாகப் படித்திருப்பேன். அதில் என்ன இருந்தது என்று யாராவது கேட்டால் வாயில் வார்த்தை வராது.

இதைச் சரிசெய்தது ஒரு பழக்கம்தான். ஒரு பகுதி முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, அது சொன்னதை என் சொந்த வார்த்தையில் எழுதுவேன். பொருளியலில் தேவை விதியை அப்படித்தான் எழுதினேன்: ‘விலை ஏறினால் தேவை குறையும்.’ திறந்து பார்த்தால், ‘மற்றவை மாறாதிருக்கும்போது’ என்ற நிபந்தனை விட்டுப்போயிருந்தது. விதியின் உயிரே அதில்தான் இருக்கிறது. வாங்குபவரின் வருமானமும் கூடவே ஏறினால் கணக்கு மாறிவிடும். எத்தனை முறை அடிக்கோடிட்டுப் படித்தாலும் இந்த இடைவெளி கண்ணில் படாது.

ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டுகிறது. படித்து ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதியவர்கள்தான் முந்தினார்கள். அதனால் ஆரம்பத்தில் கஷ்டமாக இருந்தாலும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

அப்புறம், துணைத்தலைப்புகளை முதலிலேயே கேள்விகளாக மாற்றிக்கொள்கிறேன். எதைத் தேடிப் படிக்கிறோம் என்று தெரிந்துவிடும். எழுத வராத பகுதிகளை மட்டும் மறுநாள் மறுபடி எழுதிப் பார்க்கிறேன்.