கணுக்கால் மடங்காமல் கூடைப்பந்து ஆடுவது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

ரீபவுண்டுக்கு (கூடையில் விழாமல் திரும்பி வரும் பந்தைப் பிடிக்க) குதித்து இறங்கும்போது இன்னொருவர் பாதத்தின்மேல் கால் பட்டுவிடுகிறது. பாதம் உள்பக்கமாக மடங்க, உடம்பின் எடை மொத்தமும் கணுக்காலின் வெளிப்பக்கத்தில் இறங்குகிறது. கூடைப்பந்தில் அடிக்கடி நேரும் காயம் இதுதான். அந்த வெளிப்பக்கத்தில், எலும்போடு எலும்பைக் கட்டிப் பிடிக்கும் மூன்று தசைநார்கள் இருக்கின்றன. அதில் முன்னால் இருப்பதுதான் பெரும்பாலும் முதலில் கிழியும். குதித்து இறங்கும்போது விரல்கள் கீழ்நோக்கி இருப்பதால், தரையைத் தொடும் முன்பே அது இழுபட்டுத்தான் இருக்கும்.

புதிதாக ஆட வருபவர்கள் முதலில் கேட்பது "எந்த ஷூ வாங்கலாம்?" என்றுதான். என்னைக் கேட்டால் முதலில் காலைத் தயார் செய்யுங்கள், அப்புறம் இறங்கும் முறையைப் பழகுங்கள், பிரேஸும் (கணுக்காலைத் தாங்கிப் பிடிக்கும் கட்டு) ஷூவும் அதற்குப் பிறகு வரட்டும்.

படி 1: கணுக்கால் எவ்வளவு வளைகிறது என்று பாருங்கள்

செருப்பு, ஷூ இல்லாமல் சுவரைப் பார்த்து நில்லுங்கள். கட்டைவிரல் நுனி சுவரிலிருந்து சுமார் 10 செ.மீ. தள்ளி இருக்கட்டும். குதிகாலைத் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொட முடிகிறதா? முடியவில்லை என்றாலோ, ஒரு காலுக்கும் மற்றதற்கும் நல்ல வித்தியாசம் தெரிந்தாலோ, கெண்டைக்கால் தசையைத் தினமும் நீட்டிப் பழகுங்கள். வளையாத கணுக்காலால் இறங்கும் அதிர்ச்சியைச் சரியாகத் தாங்க முடியாது.

இதற்கு முன் எப்போதாவது சுளுக்கு ஏற்பட்டிருக்கிறதா என்றும் யோசித்துப் பாருங்கள். ஒருமுறை மடங்கிய கணுக்கால் மறுபடி மடங்கும் வாய்ப்பு அதிகம். அப்படி இருந்தால் அடுத்த படியை ஒரு நாள்கூட விடாதீர்கள்.

படி 2: ஒற்றைக்காலில் நில்லுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். தசைநார்களில் உள்ள நரம்பு முனைகள்தான் பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்கின்றன. சுளுக்கு வந்தால் அந்தச் சேதி மந்தமாகிவிடுகிறது. கால் மடங்கத் தொடங்கியதும் இழுத்துப் பிடிக்க வேண்டிய வெளிப்பக்கத் தசைகள் தாமதமாக விழிக்கின்றன. அவற்றை மறுபடி உஷாராக்க சமநிலைப் பயிற்சியைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை. 2006இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 765 பள்ளிக் கூடைப்பந்து, கால்பந்து வீரர்களைக் கவனித்தார்கள். சமநிலைப் பயிற்சி செய்யாதவர்களில் 9.9 சதவீதத்தினருக்குச் சுளுக்கு வந்தது, செய்தவர்களில் 6.1 சதவீதத்தினருக்குத்தான் வந்தது.

வெறுங்காலோடு ஒற்றைக்காலில் நின்று, முழங்காலை லேசாக மடக்குங்கள். கட்டைவிரலின் அடி, சுண்டுவிரலின் அடி, குதிகால் என மூன்று இடமும் தரையில் அழுந்தியிருக்க வேண்டும். இப்போது குனிந்து பாருங்கள். கணுக்காலைச் சுற்றி நாண்கள் துடித்துக்கொண்டே இருக்கும், பாதம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நுணுக்கமாக ஆடும். பயமே வேண்டாம், பயிற்சி நடப்பதே அந்தத் துடிப்பில்தான்.

ஒவ்வொரு காலுக்கும் 30 வினாடி, மூன்று முறை. சுலபமாகிவிட்டதா? கண்ணை மூடிக்கொண்டு செய்யுங்கள். அதுவும் பழகியதும் நின்றபடியே பந்தைச் சுவரில் அடித்துப் பிடியுங்கள். பிறகு மடித்த துண்டின் மேலோ மெத்தையான திண்டின் மேலோ நின்று இதையே செய்யுங்கள். கடைசியாக, ஒற்றைக்காலில் முன்னால் ஒரு சின்னத் துள்ளல், இறங்கிய இடத்திலேயே மூன்று வினாடி ஆடாமல் நிற்க வேண்டும். வார்ம்-அப்போடு சேர்த்துக்கொண்டால் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை.

படி 3: கெண்டைக்காலும் இடுப்பும்

ஒற்றைக்காலில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்குங்கள், 15 தடவை, மூன்று சுற்று. ரப்பர் பட்டையைப் பாதத்தில் மாட்டி, அதன் இழுப்புக்கு எதிராகப் பாதத்தை வெளிப்பக்கம் தள்ளுங்கள்.

இடுப்பை மறந்துவிடாதீர்கள். 2011-12 சீசனில் கணுக்கால் தொல்லையால் அமெரிக்க வீரர் ஸ்டீபன் கரியால் 26 ஆட்டங்களில் மட்டுமே ஆட முடிந்தது. அவருடைய வலது கணுக்காலில் 2011, 2012 இரண்டு வருடமும் அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு அவர் இடுப்பையும் தொடையையும் வலுவாக்குவதில் மும்முரமாக இறங்கினார். வெட்டித் திரும்பும்போது பாரத்தைக் கணுக்கால் சுமக்காமல் இடுப்பு சுமக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். 2015இல் அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் மிகச் சிறந்த வீரர் விருது அவருக்குக் கிடைத்தது.

படி 4: இறங்கப் பழகுங்கள்

முடிந்தவரை இரண்டு காலிலும் இறங்குங்கள். பாதங்கள் தோள் அகலத்தில் இருக்கட்டும். முன்பாதம் முதலில் தொட, குதிகால் பின்னால் இறங்கட்டும். கூடவே முழங்காலும் இடுப்பும் மடங்க வேண்டும். சரியாக இறங்கினீர்களா என்று காதே சொல்லிவிடும்: 'தொம்' என்று சத்தம் கேட்டால் காலை விறைப்பாக வைத்திருக்கிறீர்கள்.

தற்காப்பு ஆடுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஷூட் செய்பவர் இறங்கும் இடத்தில் உங்கள் காலை நீட்டாதீர்கள். 2017 மே மாதம் என்பிஏவின் மேற்கு மண்டல இறுதித் தொடரில் கவாய் லெனார்ட் என்ற வீரரின் கணுக்கால் இப்படித்தான் மடங்கியது. அடுத்த சீசனில் இதற்கான விதியை என்பிஏ கடுமையாக்கியது. நண்பர்களுக்குள் ஆடும்போது நடுவர் இருக்க மாட்டார் என்பதால் இந்தக் கவனம் இன்னும் அதிகம் வேண்டும்.

படி 5: ஷூவும் லேஸும்

கணுக்காலை மூடும் உயரமான ஷூ தான் பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். 1993இல் வெளியான, 622 கல்லூரி வீரர்களை வைத்து நடத்திய ஆய்வில், உயரமான ஷூவுக்கும் தாழ்வான ஷூவுக்கும் சுளுக்கு விஷயத்தில் சொல்லத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. அதனால் உயரத்தை விட்டுவிட்டு இவற்றைப் பாருங்கள்: குதிகால் உள்ளே வழுக்கக் கூடாது, அடிப்பாகம் அகலமாக இருக்க வேண்டும், இரு முனையையும் பிடித்து முறுக்கினால் நடுப்பகுதி எளிதில் திருகக் கூடாது. ஓட்டப் பயிற்சி ஷூ வேண்டாம். நேராக ஓடுவதற்காகச் செய்தது அது, பக்கவாட்டு அசைவைத் தாங்காது.

குதிகால் வழுக்கினால் மேலே உள்ள கடைசி இரண்டு துளைகளை இப்படிப் பயன்படுத்துங்கள். லேஸை எதிர்ப்பக்கம் கொண்டுபோகாமல் அதே பக்கத்துக் கடைசித் துளைக்குள் விட்டு, சின்ன வளையம் ஒன்று விடுங்கள். இரு பக்கமும் அப்படிச் செய்துவிட்டு, வலது முனையை இடது வளையத்திலும் இடது முனையை வலது வளையத்திலும் நுழைத்து இழுத்து முடியுங்கள்.

படி 6: பிரேஸ்

லேஸ் கட்டும் வகை பிரேஸ் உண்மையிலேயே உதவுகிறது. 2011இல் வெளியான ஆய்வில் 1,460 பள்ளிக் கூடைப்பந்து வீரர்கள் இருந்தார்கள். பிரேஸ் அணிந்தவர்களிடம் கணுக்கால் காயம் சுமார் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆனால் வந்த காயத்தின் கடுமை குறையவில்லை. முன்பு சுளுக்கு வந்தவர்கள் கட்டாயம் அணியுங்கள்.

சாக்ஸுக்கு மேலே போட்டு, குதிகாலைப் பின்னால் தள்ளி, பாதத்தைச் செங்கோணத்தில் வைத்தபடி கட்டுங்கள். விரல் மரத்தால் தளர்த்துங்கள். டேப்பும் நல்லதுதான், ஆனால் சுற்றத் தெரிந்த கை வேண்டும், ஆடத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே தளரவும் செய்யும். இழுத்து மாட்டும் துணி உறை இதமாக இருக்கும், மடங்குவதைத் தடுக்காது.

படி 7: மடங்கியே விட்டால்

ஆட்டத்தை நிறுத்துங்கள். "நடந்தால் சரியாகிவிடும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். நான்கு அடி வைக்க முடியவில்லை என்றாலோ, இரு பக்கமும் துருத்தி நிற்கும் கணுக்கால் எலும்பின் பின்விளிம்பை அழுத்தினால் வலித்தாலோ, பாதத்தின் நடுப்பகுதி எலும்பில் அழுத்தினால் வலித்தாலோ மருத்துவரிடம் போய் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

எலும்பு முறியவில்லை என்று தெரிந்தால் மீள்பட்டைக் கட்டு (கிரேப் பேண்டேஜ்) போட்டு, காலை உயர்த்தி வையுங்கள். வலிக்கு, துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம். ஓரிரு நாள் கழித்து, வலி பொறுக்கும் அளவுக்கு மெதுவாக அசைக்கத் தொடங்குங்கள்.

வீக்கம் வடிந்ததுமே ஆட ஓடிவிடாதீர்கள். காயம்பட்ட காலில் ஒற்றைக்கால் துள்ளல் மற்றக் காலைப்போல வலியின்றி வர வேண்டும். பக்கவாட்டு ஓட்டமும் எட்டு வடிவில் வளைந்து ஓடுவதும் தயக்கமில்லாமல் வர வேண்டும். வந்த பிறகு முதலில் தனியாக ஷூட்டிங், அப்புறம் பயிற்சி, அதற்கும் அப்புறம் முழு ஆட்டம். ஆடும்போது பிரேஸை ஆறு மாதமாவது விட்டுவிட வேண்டாம், படி 2ஐ மறுபடி தரையிலிருந்தே ஆரம்பியுங்கள்.