பிரமிடின் சாய்வு: 14 கட்டம் மேலே, 11 கட்டம் பக்கவாட்டில்

கணக்கு நோட்டில் 14 கட்டம் மேலே ஏறி, 11 கட்டம் பக்கவாட்டில் நகர்ந்து, இரு முனைகளையும் கோட்டால் இணைக்கச் சொல்லுங்கள். அடியில் கோணமானியை வைத்தால் கிட்டத்தட்ட 52 டிகிரி. கிசாவின் பெரிய பிரமிடுக்கும் அதே சாய்வுதான்.

அதன் அடிப்பக்கம் 440 முழம், உயரம் 280 முழம். (பூக்கடை முழம் இல்லை, எகிப்திய அரச முழம், சுமார் 52 செ.மீ.) அடிப்பக்கத்தில் பாதி 220, 280-க்கு 220 என்பதைச் சுருக்கினால் 14-க்கு 11. எகிப்தியர் கோணத்தை அளக்கவில்லை. ஒரு முழம், அதாவது 7 உள்ளங்கை அகலம் ஏறினால் எவ்வளவு உள்ளே நகர வேண்டும் என்று கணக்கிட்டார்கள். அதன் பெயர் செகெட். இங்கே அது 5½ உள்ளங்கை. நம் பாடத்தில் இதுதான் கோடேன்ஜென்ட், டேன்ஜென்ட் அல்ல.

பாதியாக்க மறந்து 440-ஐ அப்படியே போடும் பிள்ளைக்கு 32 டிகிரிதான் வரும்.

அட்டை மாதிரியில்தான் பெரிய சறுக்கல். அடி 22 செ.மீ., உயரம் 14 செ.மீ. வேண்டுமென்றால் பக்க முக்கோணத்தின் உயரம் 17.8 செ.மீ. இருக்க வேண்டும் (பிதாகரஸ்: 11, 14). 14 என்றே வெட்டினால் ஒட்டிய பிறகு 8.7 செ.மீ.தான் நிற்கும். ஒட்டுவதற்கு ஓரத்தில் 1 செ.மீ. விடுங்கள்.

நடுவில் சாய்வு மாறும் தஹ்ஷூர் வளைந்த பிரமிடுக்கும், சக்காராவின் படிப் பிரமிடுக்கும் இந்த ஒற்றை விகிதம் பொருந்தாது.