கத்திரி நாட்களில் கரையோர ஊர்களில் நிம்மதியாக இருக்க

மே 4ஆம் தேதியை ஒட்டித் தொடங்கும் கத்திரி வெயில், ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியில் தொடங்கி தேவிபட்டினம், மண்டபம், கீழக்கரை வழியாக மூக்கையூர் வரை நீளும் கரையில் மதுரையைப் போலக் கொளுத்துவதில்லை. ஆனால் காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வேர்வை உலர்வதில்லை. வேர்வை உலராத உடல் குளிர்வதில்லை. உடல் குளிராதபோது மனம் சிறு சொல்லுக்கும் சிடுசிடுக்கிறது. எனவே இங்கே நிம்மதிக்கு வழி தேடுகிறவர், வெயிலைவிடப் புழுக்கத்தைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

இரவில் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று காலையில் ஓய்ந்துவிடும். நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுவதால், முற்பகல் முதிர்ந்ததும் கடற்காற்று கரையேறும். இரண்டுக்கும் இடைப்பட்ட அசைவற்ற பொழுதே மிகக் கடினமானது. அடுப்பு வேலையையும் துணி துவைப்பதையும் அதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். காற்று எழுந்தவுடன் கடலைப் பார்த்த சன்னலை மட்டும் திறந்தால் போதாது, அது வெளியேறுவதற்கு எதிர்ப்பக்கத்திலும் வழி விட வேண்டும். உள்நாட்டு உறவினர்கள் பரிந்துரைக்கும் வெட்டிவேர்த் தட்டியும் ஏர் கூலரும் உலர்ந்த காற்றுக்கு ஏற்றவை. ஏற்கெனவே ஈரமான நம் வீட்டுக் காற்றில் அவை மேலும் ஈரத்தைச் சேர்க்குமே தவிர, சுகம் தரா. அந்தப் பணத்துக்கு வாசலில் ஒரு தென்னங்கீற்றுப் பந்தல் போடுவது நல்லது.

நாளின் ஒழுங்கை மாற்றிக்கொள்வதற்கு வெளியூர் ஆலோசனை தேவையில்லை. வாலிநோக்கம் பக்கத்து உப்பளங்களில் உப்பு வாருகிறவர்கள் வெயில் ஏறுமுன் வேலையைத் தொடங்குவதன் காரணம் அனைவரும் அறிந்ததே. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்க, நிழலில் கூடி அமர்ந்து வலையைப் பழுது பார்ப்பவர்களையும் பாருங்கள். வருமானக் கவலை அவர்களுக்கு இல்லாமலில்லை. ஆயினும் கையில் மெதுவான ஒரு வேலையும், பக்கத்தில் பேச்சுக்கு நாலு பேரும் இருப்பதால் பகல் சற்று எளிதாகக் கழிகிறது. வீட்டிலிருப்பவரும் நண்பகல் பன்னிரண்டு முதல் மூன்று மணி வரை அவசரமில்லாத ஒரு வேலையை வைத்துக்கொள்ளலாம். கடன், சொத்து, பிள்ளைகளின் திருமணம் ஆகியவற்றைப் பற்றிய பேச்சை மட்டும் அந்த நேரத்தில் எடுக்க வேண்டாம். மாலையில் அதே பேச்சு பாதிச் சத்தத்தில் முடிந்துவிடும்.

குடிப்பதற்குக் காலையில் நீராகாரம், பகலில் உப்பிட்ட மோர் போதும். சாயல்குடிப் பக்கத்துப் பனங்காடுகளிலிருந்து வரும் நுங்கும் பதநீரும் இப்பருவத்தின் பேறு. பதநீரைக் காலையிலேயே குடித்துவிடுங்கள், வெயிலேற ஏறப் புளிக்கத் தொடங்கும். சர்க்கரை நோயுள்ளவர்கள் அதைத் தவிர்ப்பதே நன்று. கிணற்று நீர் உவர்ப்பாக உள்ள ஊர்களில், குளித்து முடிக்கையில் கடைசி ஒரு செம்பு மட்டும் நல்ல தண்ணீராக ஊற்றிக்கொண்டால் உடலில் பிசுபிசுப்பு தங்காது.

பகல் முழுவதும் வெயில் வாங்கிய காங்கிரீட் மொட்டைமாடி இரவிலும் நெடுநேரம் அனல் விடும். அதில் நேரே பாய் விரிப்பதைவிட, காற்று அடியிலும் புகும்படி கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்தால் உறக்கம் வரும். உறக்கம் சரியாக அமைந்தால் மறுநாள் எரிச்சலில் பாதி குறையும்.

இவ்வளவு செய்தும், வெயிலில் நின்றவர் ஒருவர் திடீரெனப் பேச்சுக் குழறி, ஆள் அடையாளம் தெரியாமல், உடல் நெருப்பாய்க் கொதிக்கக் கண்டால், அதைச் சாதாரணக் களைப்பென்று எண்ணிப் படுக்கவைத்துவிடக் கூடாது. உடனே 108ஐ அழைத்து, வண்டி வரும்வரை நிழலில் கிடத்தி, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். நினைவு தெளியாதவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது.