கிளைடரை இறக்க வயல் தேர்வது எப்படி: இங்கிலாந்து நிலத்தில்

எஞ்சின் இல்லாத விமானமான கிளைடரில் நெடுந்தூரம் பறப்பவர் என்றாவது ஒருநாள் தெர்மல் (மேலே தூக்கும் வெப்பக்காற்று) கிடைக்காமல் யாருடைய வயலிலாவது இறங்கத்தான் வேண்டியிருக்கும். அதில் ஆபத்து குறைவு. தாமதமாகத் தேர்ந்த வயல்தான் விமானத்தை உடைக்கிறது.

அதனால் உயரத்தை வைத்து முடிவெடுங்கள். 2,000 அடிக்கு வந்ததும் நல்ல வயல்கள் உள்ள பக்கம் திரும்புங்கள். 1,500 அடியில் இரண்டு மூன்றைக் குறித்து வையுங்கள். 1,000 அடிக்குள் ஒன்று முடிவாகிவிட வேண்டும். சுமார் 800 அடியில் சர்க்கியூட் (இறங்குமுன் வயலைச் சுற்றி வரும் பாதை) தொடங்கியபின் எவ்வளவு நல்ல தெர்மல் தட்டுப்பட்டாலும் விட்டுவிடுங்கள். இவை எல்லாம் அந்த வயலுக்கு மேலான உயரங்கள். உயரம் காட்டும் ஆல்டிமீட்டரைப் புறப்பட்ட தளத்தில் பூஜ்யமாக வைத்திருந்து, வயல் அதைவிட 400 அடி மேட்டில் இருந்தால், முள் 1,000 காட்டும்போது கையில் இருப்பது 600 அடிதான்.

காற்றின் திசையைப் புகை, பயிரில் ஓடும் அலை, வட்டமடிக்கும்போது விமானம் ஒதுங்கும் பக்கம் ஆகியவை காட்டும். எதிர்காற்றில் நீளவாக்காகக் கிடக்கும் வயலைப் பாருங்கள். நுழையும் விளிம்பில் மரம் இருந்தால் அதன் உயரத்தைப்போல் பத்து மடங்கு நீளம் வீணாகும்: 15 மீட்டர் மரவரிசை 300 மீட்டர் வயலைப் பாதியாக்கிவிடும்.

சரிவு நேர்மேலிருந்து தெரியாது. பக்கவாட்டில் தள்ளிப் பறந்து பாருங்கள். வானிலிருந்தே சரிவு தெரிந்தால் அது கடும் சரிவு. லேசான பின்காற்று இருந்தாலும் மேடு நோக்கியே இறங்குங்கள். இறக்கம் நோக்கி வந்தால் விமானம் மிதந்துகொண்டே போய் எதிர்வேலியில்தான் நிற்கும்.

தரை மாதத்துக்கு மாதம் மாறும். ஜூலைக் கடைசி முதல் செப்டம்பர் வரை அறுவடை முடிந்த தாள் நிலம்தான் முதல் தேர்வு. வைக்கோல் உருளைகள் கிடக்கின்றனவா என்று மட்டும் கவனியுங்கள். மே, ஜூனில் தீவனத்துக்காகப் புல் அறுத்த வயல் வெளிறிய பட்டைகளோடு தெரியும், அதுவும் நல்லது. வசந்தத்தில் மென்மையாக உழுது விதைத்த நிலத்தில் சால் போகும் திசையில் இறங்கலாம். உயர்ந்து வளர்ந்த கோதுமையில் ஒரு இறக்கை நுனி சிக்கினால் போதும், விமானம் சுழன்று வால் முறியும். ரேப் என்னும் எண்ணெய்வித்துப் பயிர் அதைவிட மோசம். வேறு வழியே இல்லையென்றால் பயிரின் உச்சியையே தரையாகக் கொண்டு, இறக்கைகளை மட்டமாக வைத்து, முடிந்தவரை மெதுவாக அமர்த்துங்கள்.

திட்டுத்திட்டான பச்சை மேய்ச்சல் நிலம். அதில் மாடு இருக்கும், மின்வேலியும் இருக்கும். மின்வேலி மேலிருந்து தெரியாது. ஆனால் புல்லின் நிறம் நேர்கோட்டில் மாறினாலோ மாடுகள் எல்லாம் ஒரே பாதியில் நின்றாலோ நடுவே வேலி என்று கொள்ளுங்கள். மின்கம்பியையும் தேடாதீர்கள், கம்பத்தைத் தேடுங்கள். சாலையோரத்திலும் பண்ணைவீட்டுக்கும் கொட்டகைக்கும் இடையிலும் கம்பி உண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வயல் ஓடுதளத்தைவிடச் சிறியது என்பதால் தொலைவில் இருப்பதுபோல் தோன்றும். பழகாதவர்கள் அதை ஒட்டியே பறந்து, கடைசித் திருப்பத்தைத் தாழ்வாகவும் இறுக்கமாகவும் செய்துவிடுவார்கள். ஸ்டால் ஆகி (இறக்கை தூக்குவிசையை இழந்து) சுழன்று விழுவது அங்கேதான். சொந்தத் தளத்தில் விடும் அதே இடைவெளியை விடுங்கள். அணுகு வேகத்தோடு காற்று வேகத்தில் பாதியைச் சேருங்கள். இறக்கத்தைக் கூட்டும் இறக்கைத் தகடான ஏர்பிரேக்கைப் பாதி திறந்த நிலையில் வைத்து வந்தால் கூட்டவும் குறைக்கவும் இடம் இருக்கும்.

நின்றதும் கேனப்பியை (விமானி இருக்கைமேல் உள்ள கண்ணாடி மூடியை) மூடிவிட்டு, நீங்கள் திறந்த கேட் எதையும் மூடியபடி வெளியேறி, முதல் வேலையாக விவசாயியைத் தேடிப்போய்ச் சொல்லுங்கள். விமானத்தை ஏற்றிப்போகும் டிரெய்லர் எந்த வழியாக உள்ளே வரவேண்டும் என்பதை அவரே முடிவு செய்யட்டும். மாடுகள் உள்ள வயல் என்றால் விமானத்தைத் தனியே விடாமல் அங்கிருந்தே போனில் ஆள் அழையுங்கள்.