நர்சிங் முடித்துவிட்டீர்கள், ஹெச்.ஆர். கூப்பிடுகிறார்: முதல் போனிலிருந்து ஜாயினிங் வரை

"சிஸ்டர், நாளைக்குக் காலையில பத்து மணிக்கு இன்டர்வியூ. வரும்போது ஒரிஜினல் எல்லாத்தையும் எடுத்துட்டு வந்துடுங்க."

பி.எஸ்சி. நர்சிங் முடித்த கையோடு எனக்கு வந்த முதல் போன் இதுதான். சந்தோஷத்தில் வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை. சம்பளம் எவ்வளவு, எந்த வார்டு, பாண்ட் (இத்தனை வருடம் இங்கேயே வேலை பார்ப்பேன் என்ற ஒப்பந்தம்) உண்டா, ஒன்றும் தெரியாமல் ராத்திரி பஸ் பிடித்துச் சென்னை போனேன். அன்றைக்குக் கொடுத்த ஒரிஜினல்கள் திரும்பக் கைக்கு வர ஒன்றரை வருடம் ஆயிற்று. அந்தக் கதை கீழே வருகிறது.

இப்போது நான் வேறொரு ஆஸ்பத்திரியில் வார்டு இன்சார்ஜ். ஃப்ரெஷர் இன்டர்வியூ நாட்களில் நர்சிங் சூப்பரின்டென்டன்ட் பக்கத்தில் என்னையும் உட்கார வைப்பார்கள். மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து பார்த்ததை எழுதுகிறேன். எல்லாம் தமிழ்நாட்டுத் தனியார் ஆஸ்பத்திரி நடைமுறை. அரசு வேலைக்கு எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) அறிவிப்பு, தேர்வு என்று வழியே தனி. அதைப் பற்றி இங்கே பேசவில்லை.

படி 1: ஃபைலைத் தயார் பண்ணுங்கள்

முதலில் கவுன்சில் ரெஜிஸ்ட்ரேஷன். தமிழ்நாடு நர்சஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சிலில் பதிவு செய்த ஆர்.என்.ஆர்.எம். (ரெஜிஸ்டர்டு நர்ஸ், ரெஜிஸ்டர்டு மிட்வைஃப்) எண் இருந்தால்தான் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்க்க முடியும். என்.ஏ.பி.ஹெச். (ஆஸ்பத்திரிகளின் தரத்தைப் பார்க்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் உள்ள ஆஸ்பத்திரி என்றால் அந்த எண்ணைச் சரிபார்க்காமல் விடமாட்டார்கள். இன்னும் வரவில்லையா? விண்ணப்பித்த ரசீதைக் காட்டி, "அப்ளை பண்ணியிருக்கேன்" என்று முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள்.

பல்கலைக்கழக ப்ரொவிஷனல், மார்க் ஷீட்டுகள், பத்து, பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார், இவற்றோடு பி.எல்.எஸ். (அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி) கார்டு இருந்தால் அதுவும். எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணி ஒரே பி.டி.எஃப். ஆக்கி போனில் வைத்துக்கொள்ளுங்கள். ஜெராக்ஸ் மூன்று செட் போதும்.

ரெஸ்யூம் ஒரு பக்கம் தாண்ட வேண்டாம். எந்த வார்டில் எத்தனை வாரம் போஸ்டிங், என்னென்ன கையால் செய்தீர்கள் என்பதுதான் நாங்கள் தேடுவது. பக்கத்தில் நின்று பார்த்ததை "செய்தேன்" என்று எழுதாதீர்கள். "வென்டிலேட்டர் கேர்" என்று எழுதியிருந்த ஒரு பெண்ணிடம், "சக்ஷன் எப்படிப் பண்ணுவீங்க, சொல்லுங்க" என்று, குழாய் வழியாகச் சளியை உறிஞ்சி எடுப்பதைப் பற்றிக் கேட்டேன். பாவம், அடுத்த பத்து நிமிடமும் குனிந்த தலை நிமிரவில்லை. மற்ற கேள்விகளுக்கெல்லாம் அவருக்குப் பதில் தெரிந்திருக்கும்.

படி 2: பேசுவது யார் என்று பாருங்கள்

ஆஸ்பத்திரியின் ஹெச்.ஆரா, கன்சல்டன்சியா? கன்சல்டன்சி என்றால் ஆஸ்பத்திரி பெயரைக் கேளுங்கள். பெயர் சொல்ல மறுத்தாலோ, "ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் மட்டும் ஜிபே பண்ணிடுங்க" என்றாலோ அத்தோடு வைத்துவிடலாம். நர்ஸுக்கு ஆள் பற்றாக்குறை உள்ள ஊர் இது. உள்ளூர் வேலைக்கு நீங்கள் காசு கட்டத் தேவையே இல்லை. ஆஸ்பத்திரியின் வெப்சைட்டில் இருக்கும் லேண்ட்லைனுக்கு அடித்து, "ஹெச்.ஆர். டிபார்ட்மென்ட் கொடுங்க, இன்டர்வியூ இருக்குன்னு சொன்னாங்க" என்று கேட்டால் இரண்டு நிமிடத்தில் உண்மை தெரியும்.

படி 3: போனிலேயே கேட்டுவிடுங்கள்

ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு பேசுங்கள். பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

"சிஸ்டர், எவ்வளவு எதிர்பார்க்கறீங்க?"

"சார், உங்ககிட்ட ஃப்ரெஷருக்கு என்ன ஸ்கேல் இருக்கு? பிடித்தம் போகக் கைக்கு எவ்வளவு வரும்?"

"அதெல்லாம் நேர்ல பேசிக்கலாம்மா."

"சரி சார். வெளியூர்லேர்ந்து வர்றேன், அதான் கேக்கறேன். பாண்ட் இருக்கா? ஒரிஜினல் வாங்கி வெச்சுக்குவீங்களா?"

வெளியூர் என்று சொல்வது நல்ல சாக்கு. யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை மட்டும் அப்படியே எழுதி வையுங்கள். ஹாஸ்டல் உண்டா, எத்தனை மணி நேர ஷிஃப்ட் என்பதையும் இப்போதே கேட்டுவிடலாம். இவ்வளவு கேட்டதற்காக ஒரு ஹெச்.ஆர். இன்டர்வியூவை ரத்து செய்தால், பஸ் காசு மிச்சம்.

படி 4: இன்டர்வியூ

பெரும்பாலும் முதலில் ஒரு சின்ன எழுத்துத் தேர்வு. சொட்டுக் கணக்கு கட்டாயம் வரும். 500 மி.லி. நார்மல் சலைன், 4 மணி நேரத்தில் போக வேண்டும், செட் ஒரு மி.லி.க்கு 20 சொட்டு என்றால்: 500 × 20 = 10,000; அதை 240 நிமிடத்தால் வகுத்தால் 41.67. நிமிடத்துக்கு 42 சொட்டு. மணியை நிமிடமாக்க மறந்துவிட்டு 2,500 சொட்டு என்று எழுதிக் கொடுப்பவர்கள் ஒவ்வொரு பேட்சிலும் உண்டு. விடையைப் பார்த்தாலே தப்பென்று தெரிய வேண்டாமா?

சி.பி.ஆர்.: 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு, நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 முதல் 6 செ.மீ. மருந்து கொடுக்கும்முன் சரிபார்க்க வேண்டியவை. டாக்டருக்குப் போன் பண்ணி நோயாளியின் நிலையை எப்படிச் சொல்வீர்கள் என்பது. இவ்வளவு தெரிந்தால் போதும். தெரியாததைத் "தெரியாது மேம், சீனியரைக் கேட்டுட்டுச் செய்வேன்" என்று சொல்லும் பிள்ளைக்கு நான் எப்போதும் ஒரு மார்க் கூடப் போடுவேன். வார்டில் எனக்குத் தூக்கம் கெடுப்பவர்கள் கேட்காமல் செய்பவர்கள்தான்.

படி 5: சம்பளக் கணக்கைப் பேப்பரில் போடுங்கள்

"மாசம் 19,785 சி.டி.சி." (உங்களுக்காக ஆஸ்பத்திரி செய்யும் மொத்தச் செலவு) என்றால் அத்தனையும் கைக்கு வராது. ஓர் உதாரணம். மொத்தச் சம்பளம் 18,000. அதில் பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 10,000. பி.எஃப். 12 சதவீதம், பேசிக்கில் 1,200. இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், மொத்தத்தில் 135. கைக்கு 16,665. ஆஸ்பத்திரி தன் பங்குக்குக் கட்டும் பி.எஃப். 1,200, இ.எஸ்.ஐ. 585 இரண்டையும் 18,000-த்தோடு கூட்டினால் வருவதுதான் அந்த 19,785. அந்தப் பணம் பி.எஃப். கணக்குக்கும் காப்பீட்டுக்கும் போகிறது, திருட்டு ஒன்றும் இல்லை. ஆனால் வீட்டுக்கு அனுப்ப உதவாது. ஹாஸ்டலுக்கு 2,000, மெஸ்ஸுக்கு 2,500 பிடித்தால் மிஞ்சுவது 12,165.

உச்ச நீதிமன்றம் 2016-இல் சொன்னதன் பேரில் மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான ஆஸ்பத்திரியில்கூட நர்ஸுக்கு 20,000-க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசு நர்ஸுக்கு இணையான சம்பளம். பரிந்துரை பரிந்துரையாகவே நிற்கிறது. இன்டர்வியூவில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள், சொல்ல வேண்டாம். உங்கள் வேலையின் மதிப்பை நீங்கள் தெரிந்துகொள்ளத்தான் எழுதினேன்.

பேரம் பேச ஃப்ரெஷருக்கு இடம் குறைவு. சம்பளத்தை விட்டுவிட்டு, ஹாஸ்டல் வாடகை, நைட் அலவன்ஸ், ஆறு மாதம் கழித்து ஏற்றம் உண்டா என்று கேளுங்கள். அங்கேதான் கொஞ்சம் இளகுவார்கள்.

படி 6: பாண்டும் ஒரிஜினலும்

என் கதைக்கு வருகிறேன். அன்று செலக்ட் ஆனதும் ஹெச்.ஆர். ஒரு கவரை நீட்டி, "ஒரிஜினலை இதுல போடுங்க, வெரிஃபிகேஷனுக்கு" என்றார். ரசீது கேட்கவில்லை. கூடவே இரண்டு வருட பாண்ட், நடுவில் போனால் 50,000 என்று ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்து. ஒரு வருடம் கழித்து அரசு வேலைக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு வந்தது. ஒரு நாளைக்கு மட்டும் கொடுங்கள் என்று கேட்டேன். "பாண்ட் பணத்தைக் கட்டிட்டு எடுத்துட்டுப் போங்க." சரிபார்ப்பு நாளன்று நான் மார்னிங் டியூட்டியில் இருந்தேன். ஆறு மாதம் கழித்துப் பணத்தைக் கட்டித்தான் வாங்கினேன். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டின் ஓரத்தில் ஜெம் கிளிப் துருப்பிடித்த தடம் இன்றும் இருக்கிறது.

அப்போது எனக்குத் தெரியாதது: படிப்புச் சான்றிதழ் அடகுப் பொருள் கிடையாது, பாக்கிக்காக அதைப் பிடித்து வைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பாண்டில் எழுதிய தொகையும் அப்படியே செல்லுபடியாகிவிடாது; ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவின்படி அதிகபட்சம் அந்தத் தொகை வரை, நியாயமான இழப்பீடுதான் கேட்க முடியும்.

ஆகவே, ஒரிஜினலைக் காட்டுங்கள். எதிரிலேயே சரிபார்க்கச் சொல்லுங்கள். திரும்ப ஃபைலில் வையுங்கள். "பாலிசிம்மா" என்றால், "வீட்ல கேட்டுட்டு நாளைக்குச் சொல்றேன் சார்" என்று எழுந்துவிடுங்கள். அதையும் மீறிக் கொடுத்தே தீர வேண்டிய நிலைமை என்றால், என்னென்ன சான்றிதழ், எந்த எண், எந்தத் தேதியில் திருப்பித் தருவார்கள் என்று லெட்டர்ஹெட்டில் சீலோடு எழுதி வாங்குங்கள். பாண்டை அங்கேயே நின்று படித்துக் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு நகல் கேட்டு வாங்கி, வீட்டுக்கு வந்து நிதானமாகப் படியுங்கள்.

படி 7: ஆர்டரில் என்ன பதவி?

"ட்ரெய்னி" என்று போட்டிருந்தால் எத்தனை மாதத்துக்கு என்று கேளுங்கள். பின்னால் வளைகுடாவுக்கோ வேறெங்கோ போகும்போது எக்ஸ்பீரியன்ஸ் லெட்டரில் "ஸ்டாஃப் நர்ஸ்" என்ற சொல்லைத் தேடுவார்கள். வெளிநாடு என்றதும் ஒன்று: ஏஜென்ட் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் ஜி.எஸ்.டி. தவிர்த்து அதிகபட்சம் 30,000 ரூபாய். தமிழக அரசின் ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷனும் நர்ஸ்களை அனுப்புகிறது; முதலில் அங்கே விசாரியுங்கள்.

படி 8: பதில் வரவில்லை என்றால்

ஒரு வாரம் பொறுங்கள். பிறகு ஒரே ஒரு மெசேஜ்:

"வணக்கம் சார். சென்ற வாரம் ஸ்டாஃப் நர்ஸ் இன்டர்வியூவுக்கு வந்திருந்தேன். என் முடிவு தெரிந்ததா? வேறு ஓர் இடத்தில் வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்கிறார்கள்."

கடைசி வரி உண்மையாக இருந்தால் மட்டும் சேருங்கள். ஒரே ஊரில் ஹெச்.ஆர்.கள் ஒருவருக்கொருவர் போன் பண்ணிக்கொள்வார்கள்.