கோயில் ஒலிபெருக்கிக்குத் தானியங்கி ஒலிமட்டக் கட்டுப்படுத்தியை அமைக்கும் முறை

மொரிஷியஸில் தைப்பூசக் காவடி நாளன்று கோயில் மைக்கின் முன் பலவகைக் குரல்கள் வந்து போகும். குருக்கள் தாழ்ந்த குரலில் அர்ச்சனை சொல்வார், பஜனைக் குழுவினர் உச்ச ஸ்தாயியில் பாடுவார்கள், இடையே நிர்வாகத்தினர் ஒருவர் வந்து, வழியை மறித்து நிற்கும் காரை எடுக்கும்படி கிரியோல் மொழியில் உரத்து அறிவிப்பார். இக்குரல்களுக்கிடையே 20 டெசிபல் வேறுபாடு எளிதில் வந்துவிடும். மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம் பாதியானாலே ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் கூடிவிடுகிறது. பல மைக்குகளின் ஒலியைக் கலக்கும் மிக்சரின் அருகில் ஒருவர் நாள் முழுவதும் கையை எடுக்காமல் உட்கார்ந்திருக்க முடியாத கோயில்களுக்குத் தானியங்கி ஒலிமட்டக் கட்டுப்படுத்தி மிகவும் உதவும். ஆனால் அதைத் தவறாக அமைத்தால், அது இல்லாதிருந்த நாள்களைவிட நிலைமை மோசமாகும்.

இத்தகைய கட்டுப்படுத்திகள் மூன்று வகை. உள்ளே வரும் ஒலி நாம் குறித்த அளவைத் தாண்டும்போது, தாண்டிய பகுதியை மட்டும் சுருக்குவது கம்ப்ரசர். மெல்லிய ஒலியைத் தானே உயர்த்தியும் பெரிய ஒலியைத் தானே தாழ்த்தியும் எப்போதும் ஒரே மட்டத்தில் வைக்க முயல்வது லெவலர். எந்தச் சூழலிலும் ஓர் எல்லையைத் தாண்டவிடாமல் தடுப்பது லிமிட்டர். கடைகளில் கிடைக்கும் பல கருவிகளில் இவற்றில் இரண்டோ மூன்றோ ஒரே பெட்டிக்குள் இருக்கும். கோயில் பயன்பாட்டுக்குக் குரல்களுக்கு ஒரு கம்ப்ரசரும், ஆம்ப்ளிஃபயருக்கு முன் ஒரு லிமிட்டரும் போதும். தானாக உயர்த்தும் வசதியைக் கூடியவரை அணைத்தே வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

காரணம் இதுதான். அர்ச்சனைக்கும் தீபாராதனைக்கும் இடையில் குருக்கள் சில விநாடிகள் பேசாமல் இருப்பார். அந்த மௌனத்தைக் கருவி மெல்லிய குரல் என்று எடுத்துக்கொண்டு, ஒலியை மெல்ல மெல்ல உயர்த்தத் தொடங்கும். முதலில் மின்விசிறியின் இரைச்சலும் கூட்டத்தின் பேச்சும் மேலெழும், பிறகு ஸ்பீக்கரின் ஒலியே மைக்குக்குள் திரும்பி நுழைந்து ஊளையிடும். வானொலித் துறையினர் இந்தச் சிக்கலை முன்பே சந்தித்தவர்கள். அமெரிக்காவில் 1960-களில் பல நிலையங்கள் பயன்படுத்திய ஆடிமேக்ஸ் என்ற கருவி, பேச்சு நின்றவுடன் அப்போதிருந்த அளவை அப்படியே பிடித்து நிறுத்திக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டிருந்தது. உங்கள் கருவியில் அத்தகைய கேட் அல்லது ஹோல்ட் வசதி இருந்தால் அதை இயக்கிய பிறகே லெவலரைத் தொட வேண்டும். அப்போதும் அது உயர்த்தக்கூடிய உச்ச அளவை 6 டெசிபலுக்குள் நிறுத்துவது நல்லது.

கருவியை இணைப்பதற்கு முன் மிக்சரைச் சரிசெய்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு மைக்கிலும் அதைப் பயன்படுத்தப்போகிறவரையே பேசச் சொல்லி, அவருடைய மிக உரத்த குரலுக்கும் சிவப்பு விளக்கு எரியாதபடி கெயின் (உள்ளே வரும் ஒலியைப் பெருக்கும் அளவு) திருகை வைக்க வேண்டும். மிக்சரின் நுழைவாயிலிலேயே உடைந்துபோன ஒலியைப் பின்னால் வரும் எந்தக் கருவியாலும் சீராக்க முடியாது.

அடுத்தது இணைப்பு. கம்ப்ரசரை மிக்சரின் இறுதி வெளியீட்டில் மாட்டினால், நீங்கள் ஃபேடரை (ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தியை) உயர்த்தும்போதெல்லாம் அது உங்களுக்கு எதிராக இழுக்கும். ஆகவே மைக் சேனலின் இன்சர்ட் துளையிலோ (ஒலியை வெளிக்கருவிக்கு அனுப்பித் திரும்பப் பெறும் துளை), குரல் மைக்குகள் அனைத்தையும் சப்-குரூப் என்ற ஒரு துணைத்தொகுப்பில் சேர்த்து அதன் இன்சர்ட்டிலோ மாட்ட வேண்டும். பெரும்பாலான மிக்சர்களில் இன்சர்ட் ஜாக்கின் நுனி வழியாக ஒலி வெளியே போகும், நடு வளையம் வழியாகத் திரும்பி வரும். சில மாதிரிகளில் இது தலைகீழாக இருக்கும் என்பதால் மிக்சருடன் வந்த கையேட்டைப் பார்த்துவிட்டே கேபிளைச் செய்ய வேண்டும். கருவியின் பின்புறத்தில் +4, -10 என்ற இரண்டு மட்டங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் சுவிட்ச் இருந்தால், மிக்சரின் மட்டத்துக்கு ஏற்ப அதை வைக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் விட்டால் இரண்டுக்கும் இடையே சுமார் 12 டெசிபல் பிழை ஏற்பட்டு, சுருக்கம் தொடங்கும் எல்லையைக் குறிக்கும் திரெஷோல்ட் திருகை எங்கே வைத்தாலும் சரிவராது.

இனி அளவுகள். முதலில் குரல் சேனல்களில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் பொத்தானை அழுத்துங்கள். மூச்சுக் காற்று மைக்கில் மோதும் சத்தத்தையும் மேடை அதிர்வையும் கருவி குரலாக எண்ணி எதிர்வினை காட்டாமல் இது தடுக்கும். எவ்வளவு சுருக்குவது என்பதைக் குறிக்கும் ரேஷியோவை 3-க்கு 1 என வைக்கலாம், அதாவது எல்லையை 12 டெசிபல் தாண்டி வரும் குரல் 4 டெசிபல் மட்டுமே தாண்டியதாக வெளியே போகும். அட்டாக் (எல்லையைத் தாண்டியதும் சுருக்கத் தொடங்கும் வேகம்) 10 மில்லி விநாடி அளவிலும், ரிலீஸ் (ஒலி தாழ்ந்த பின் சுருக்கத்தை விடுவிக்கும் நேரம்) 300 மில்லி விநாடி அளவிலும் தொடங்குங்கள். பிறகு நடுத்தரக் குரலுடையவரைப் பேசச் சொல்லி, குறைப்பைக் காட்டும் மீட்டர் 3 டெசிபல் அளவில் அசையும்வரை திரெஷோல்டை மெல்லக் கீழே இறக்குங்கள். உரத்த குரலுடையவர் அறிவிக்கும்போது அதே மீட்டர் 8 முதல் 10 டெசிபல் வரை போகலாம். மெல்லிய குரலுக்கு அது அசையாமல் இருப்பதே சரி. சாதாரணப் பேச்சுக்கே மீட்டர் ஓயாமல் 10-ஐத் தாண்டி நின்றால் நீங்கள் மிகையாக அழுத்துகிறீர்கள் என்று பொருள், குரலின் உயிர்ப்பு போய்விடும்.

அதிகக் கவனம் தேவைப்படுவது ரிலீஸ். மிகக் குறைவாக வைத்தால் ஒவ்வொரு சொல்லுக்கிடையிலும் பின்னணி இரைச்சல் பொங்கி எழுந்து அடங்கும். மிக அதிகமாக வைத்தால் ஒருவர் உரத்து அறிவித்துவிட்டுப் போன பிறகு குருக்களின் முதல் வரியே கேட்காமல் போகும். மீட்டரைப் பார்த்து இதை முடிவு செய்ய முடியாது. மண்டபத்தின் நடுவில் நின்று காதால் கேட்டே முடிவு செய்ய வேண்டும். கடைசியாக, சுருக்கிய ஒலியை மீண்டும் உயர்த்தும் மேக்கப் கெயினைத் தேவையான அளவுக்கு மட்டும் கூட்டுங்கள். இங்கே கூட்டும் ஒவ்வொரு டெசிபலும் ஊளைச் சத்தத்துக்கு அதே அளவு நெருக்கமாக உங்களைக் கொண்டுபோகும். பயன்படாத மைக்குகளையும் அணைத்துவிட வேண்டும், ஏனெனில் திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகும்போது ஊளையின்றி உயர்த்தக்கூடிய அளவில் 3 டெசிபல் இழப்பு ஏற்படுகிறது.

நாதஸ்வரத்தையும் தவிலையும் எக்காரணம் கொண்டும் குரல்களுக்குரிய கம்ப்ரசரில் சேர்க்கக் கூடாது. தவிலின் ஒவ்வொரு அடிக்கும் கருவி மொத்த ஒலியையும் கீழே தள்ளும், அந்த அடிக்குள் சிக்கிய மந்திரமும் சேர்ந்து அமுங்கும். சிறிய மண்டபத்தில் இவ்விரண்டு வாத்தியங்களுக்கும் மைக்கே வேண்டியதில்லை. வெளிப் பிராகாரத்துக்கும் வீதிக்கும் ஒலி போய்ச் சேர வேண்டுமானால், அவற்றுக்குத் தனிச் சேனல் கொடுத்து, தவிலின் நாதம் மழுங்காதபடி கம்ப்ரசர் இல்லாமலே விட்டுவிடுங்கள்.

லிமிட்டர் இருக்க வேண்டிய இடம் ஆம்ப்ளிஃபயருக்கு நேர் முன்னால். டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயராக இருந்தால், அதை அணைத்து ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்றிவிட்டு மீண்டும் இயக்கி, மிக்சரிலிருந்து 1000 ஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பி, ஆம்ப்ளிஃபயரின் கிளிப் விளக்கு (ஒலி உடைவதைக் காட்டும் விளக்கு) எரியும்வரை உயர்த்துங்கள். பிறகு விளக்கு அணையும்வரை லிமிட்டரின் திரெஷோல்டை இறக்கி, அதற்கும் கீழே இன்னும் 3 டெசிபல் இறக்கி நிறுத்துங்கள். வால்வு ஆம்ப்ளிஃபயரை ஸ்பீக்கர் இல்லாமல் இயக்கினால் அது பழுதாகும், அதில் இந்தச் சோதனை வேண்டாம். ஸ்பீக்கர்கள் ஆம்ப்ளிஃபயரைவிடக் குறைந்த வாட் உடையவை என்றால் எல்லையை இன்னும் கீழே வைக்க வேண்டும்.

நம் மொரிஷியஸில் பிரிட்டிஷ் மூன்று முனைப் பிளக்கும் பிரெஞ்சு இரண்டு முனைப் பிளக்கும் கலந்து புழங்குவதால், ஒரு கருவிக்கு எர்த் இருக்கும், பக்கத்துக் கருவிக்கு இருக்காது. கம்ப்ரசரைச் சேர்த்தவுடன் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் கேட்டால், எர்த் முனையைத் துண்டிப்பதைத் தீர்வாகக் கொள்ளாதீர்கள். ஈரக் கையோடு மைக்கைத் தொடுகிற குருக்களின் உயிருக்கே அது ஆபத்தாகும். எல்லாக் கருவிகளையும் எர்த் உள்ள ஒரே பலகையிலிருந்து இயக்குங்கள். ரீங்காரம் நிற்கவில்லை என்றால் ஒலி செல்லும் கேபிளின் நடுவில் இரு கருவிகளையும் நேரடி மின் இணைப்பில்லாமல் பிரித்து ஒலியை மட்டும் கடத்தும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைச் சேருங்கள்.

காலியான மண்டபத்தில் வைத்த அளவுகள் கூட்டம் நிறைந்த மண்டபத்துக்கு அப்படியே பொருந்தா. மனித உடல்கள் எதிரொலியை உறிஞ்சிக்கொள்ளும், கூட்டத்தின் இரைச்சலோ கூடும். ஆகவே கொடியேற்றத்தன்றே அமைத்துவிட்டு, அதற்குப் பின் வரும் நாள்களின் மாலைப் பூஜைகளில் சரிபார்த்துக்கொண்டே வந்தால், காவடி நாளுக்குள் ரிலீஸும் மேக்கப் கெயினும் உரிய இடத்துக்கு வந்துவிடும். வந்தபின் ஒவ்வொரு திருகின் நிலையையும் தாளில் எழுதிக் கருவியின் மூடியில் ஒட்டிவிட்டு, முன்பக்கத்தைத் துளையிட்ட தகட்டால் மூடிவிடுங்கள். திருவிழா முடிந்ததும், புயல் பருவத்தின் ஈரக்காற்று திருகுகளில் கரகரப்பை உண்டாக்காமல் இருக்க, கருவியை உலர்ந்த அலமாரியில் வைத்து, மாதம் ஒருமுறையாவது சிறிது நேரம் இயக்கி, ஒவ்வொரு திருகையும் முழுவதும் திருப்பிப் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள்.