கக்கும் குழந்தைக்கு முதல் சோறு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் மகள் பிறந்த ஆறாவது வாரத்தில் கக்கத் தொடங்கினாள். பால் குடித்ததும் தோளில் போட்டுத் தட்டினால் ஏப்பத்தோடு கொஞ்சம் வரும். அரை மணி நேரம் கழித்து, சிரித்துக்கொண்டிருக்கும்போதே, தயிர் போலத் திரிந்து இன்னும் கொஞ்சம் வரும். "கக்குற பிள்ளை தக்கும்" என்று என் மாமியார் தைரியம் சொல்வார். எடை ஒழுங்காக ஏறியதால் குழந்தை மருத்துவரும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார். ஆனால் ஐந்து மாதம் முடிந்து சோறூட்டும் பேச்சு வந்ததும் வீட்டில் எல்லோருக்கும் ஒரே கவலை: பாலே தங்காத வயிற்றில் சோறு எப்படித் தங்கும்? அந்தக் கவலையில் நானும் தவறுகள் செய்தேன். பிறகு பழகிய பல தாய்மார்கள் அதே தவறுகளைச் செய்வதைப் பார்த்ததால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்வோம். உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் உண்டு. உள்ளே போனது திரும்பி வராமல் பிடித்துக்கொள்வது அதன் வேலை. கைக்குழந்தைக்கு அந்த வளையம் இன்னும் முழுதாகத் தேறவில்லை. குழந்தை நாளெல்லாம் படுத்தே இருக்கிறது, குடிப்பதும் முழுக்கப் பால்தான். அதனால் எதுக்களித்து வருகிறது. இதைத்தான் ரிஃப்ளக்ஸ் என்கிறார்கள். பெரும்பாலும் 8 வாரத்துக்குள் தொடங்கி, 4 மாதம் வாக்கில் உச்சத்துக்குப் போய், ஒரு வயதுக்குள் 10 குழந்தைகளில் 9 பேருக்குத் தானாகவே நின்றுவிடும். கக்கல் இப்படித் தானாகப் போய்விடும். பயத்தில் நாம் தள்ளிப்போட்ட உணவும், தண்ணீராகக் கரைத்துக் கொடுத்த உணவும் குழந்தைக்கு உண்டாக்கும் குறை அப்படித் தானாகச் சரியாகாது. கீழே சொல்லும் தவறுகளில் முக்கால்வாசி இந்த இடத்தில்தான் பிறக்கின்றன.

நாலு மாதத்திலேயே கூழ்

"வெறும் பால் தண்ணியா இருக்கு, அதான் வெளிய வருது. கெட்டியா ராகிக் கூழ் குடுத்தா உள்ளயே நிக்கும்." நாலு மாதக் குழந்தை உள்ள வீட்டில் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் இருக்கமாட்டார். சிலர் கொடுத்தும் பார்க்கிறார்கள், சில வாரங்களில் கக்கல் குறையவும் செய்கிறது. ஆனால் கணக்கைப் பாருங்கள். உச்சத்தில் இருக்கும்போது எதை ஆரம்பித்தாலும், ஆறாவது, ஏழாவது மாதத்தில் கக்கல் இறங்கத்தான் செய்யும். கூழே பார்க்காத குழந்தைக்கும் அப்படித்தான். நல்ல பெயர் மட்டும் கூழுக்குப் போய்விடுகிறது.

உலக சுகாதார நிறுவனம் சொல்வது 6 மாதம் முடிந்ததும் தொடங்குங்கள் என்பது. கக்குகிறது என்பதற்காக அதை முன்னால் இழுக்க வேண்டாம். மருத்துவர் உங்கள் குழந்தைக்கென்று வேறு சொன்னால் அது தனி விஷயம்; அப்போதும் 4 மாதத்துக்கு முன் கூடாது. குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால் எப்போது தொடங்குவது என்று அவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். சோறு தொடங்கும் முன் குழந்தை தயாரா என்றும் பாருங்கள்: தலை ஆடாமல் நிற்க வேண்டும், பிடிமானம் கொடுத்தால் உட்கார வேண்டும், கரண்டி வாய்க்கு வந்தால் நாக்கால் வெளியே தள்ளாமல் இருக்க வேண்டும். இந்த நாக்குத் தள்ளலைக் கக்கல் என்றும், "சாப்பாடு பிடிக்கலை" என்றும் நினைத்துக் குழம்புவோர் நிறையப் பேர். அது பிறவியிலேயே வரும் ஒரு அனிச்சைச் செயல். சில நாள் விட்டுப் பிடித்தால் போதும்.

இதைவிட ஆபத்தானது, அரிசி மாவையோ பிஸ்கட்டையோ பாலில் கரைத்துப் பாட்டிலில் ஊற்றி, நிப்பிள் ஓட்டையைப் பெரிதாக்கிக் கொடுப்பது. குழந்தைக்குப் புரை ஏறலாம், தேவைக்கு மேல் மாவும் உள்ளே போகும். கெட்டியாக்கிய பாலால் வெளியே வருவது குறையலாம், ஆனால் அமிலம் மேலே ஏறுவது அப்படியே இருக்கும். பாலைக் கெட்டியாக்குவது மருத்துவர் சொல்லிச் செய்ய வேண்டிய வேலை.

பருப்புத் தண்ணி என்னும் பாசாங்கு

நான் செய்த தவறு இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சோறு கெட்டியாகப் போனால் கனமாகிக் கக்குவாளோ என்று பயந்து, ஆறு மாதம் முடிந்த பிறகும் மூன்று வாரம் வெறும் பருப்புத் தண்ணியும் அரிசிக் கஞ்சித் தெளிவும்தான் கொடுத்தேன். அவள் அதையும் கக்கினாள். பாலைப் போலவே அதுவும் ஓடும் பொருள், சுலபமாகத் திரும்பி வரும். உள்ளே தங்கியதிலும் பெரிதாக ஒன்றும் இல்லை. பருப்பு அடியில் கிடக்க, மஞ்சள் தண்ணீரை ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

குழந்தையின் இரைப்பை சின்னது. ஒரு கிலோ எடைக்குச் சுமார் 30 மில்லி கொள்ளும் என்பது கணக்கு. 7 கிலோ குழந்தை என்றால் ஏறத்தாழ 200 மில்லி. அந்த இடத்தைத் தண்ணீரால் நிரப்பினால் வயிறு முட்டும், சத்தும் சேராது, முட்டிய வயிறு மேலே தள்ளவும் செய்யும். கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடக்கூடாது, மெல்ல நழுவ வேண்டும். அதுதான் பதம். குழைய வேகவைத்த பச்சரிசியும் பாசிப்பருப்பும், கையால் மசித்து, ஒரு சொட்டு நெய் விட்டது போதும். ராகி என்றால் ஊறவைத்து அரைத்து வடிகட்டிய பாலைக் கெட்டியாகக் கிளறிக் கொடுக்கலாம். நெய்யைத் தாராளமாக ஊற்றிவிடாதீர்கள். கொழுப்பு அதிகமானால் இரைப்பை காலியாக நேரம் பிடிக்கும். அதற்காக முழுக்க நிறுத்தவும் வேண்டாம், வளர்ச்சிக்கு அது தேவை.

மிக்ஸியில் கூழாக அடித்தே ஒரு வயது வரை ஓட்டுவதும் இதே பயத்தின் இன்னொரு முகம். எட்டு, ஒன்பது மாதத்தில் சின்னச் சின்னத் திப்பிகள் நாக்கில் பட வேண்டும். அது தள்ளிப்போனால் பிறகு மென்று சாப்பிடப் பழக்குவது பெரும்பாடாகிவிடும்.

கக்கிய அளவுக்குத் திரும்ப ஊட்டுவது

"எல்லாம் வெளிய வந்துடுச்சு, பாவம் பசிக்கும்" என்று உடனே இன்னொரு கிண்ணம் எடுப்பார்கள். ஒரு டீஸ்பூன் பாலை, அதாவது 5 மில்லியை, ஒரு துணியில் ஊற்றிப் பாருங்கள். எவ்வளவு பெரிய வட்டமாகப் பரவுகிறது! துணியில் தெரிகிற ஈரம் நம்மை ஏமாற்றும். குழந்தை எவ்வளவு கக்கியது என்று அளப்பதைவிட மாதா மாதம் எடை பாருங்கள். அங்கன்வாடியில் எடை போட்டு, தாய் சேய் நல அட்டையில் இருக்கும் வளர்ச்சிக் கோட்டில் குறித்துக்கொண்டு வந்தால், அந்தக் கோடு சொல்வதை எந்தத் துணியும் சொல்லாது.

தொடக்கத்தில் ஒரு வேளைக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி போதும். ஆறு முதல் எட்டு மாதம் வரை நாளைக்கு இரண்டு மூன்று வேளை. கக்கும் குழந்தைக்கு இதையே கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுப்பது நல்லது. பால் வயிறு முட்டக் குடித்த கையோடு சோறும், சோறு முடிந்ததும் மறுபடி பாலும் என்று அடுக்க வேண்டாம், நடுவில் இடைவெளி விடுங்கள். அதே நேரம் சோறு தொடங்கிவிட்டது என்று பாலைக் குறைக்கவும் கூடாது, இந்த வயதில் பால்தான் முக்கிய உணவு. முகத்தைத் திருப்பினால், வாயை மூடிக்கொண்டால், அந்த வேளை முடிந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள். நெஞ்செரிச்சலோடு இருக்கும் குழந்தைக்கு வற்புறுத்தி ஊட்டினால், சாப்பாடு என்றாலே வலி என்று அது கற்றுக்கொள்ளும்.

காலில் போட்டு ஊட்டுவதும் தூளியும்

நம் வீடுகளில் குழந்தையை நீட்டிய காலில் மல்லாக்கப் போட்டுப் பாலாடையில் புகட்டும் பழக்கம் உண்டு. சோறூட்டும்போதும் கை தானாக அப்படியே போடும். கக்கும் குழந்தைக்கு இது வேண்டாம். மடியிலோ நாற்காலியிலோ முதுகு நிமிர்ந்து உட்கார வேண்டும். சோஃபா மூலையில் சாய்த்து வைத்தால் குழந்தை சரிந்து, இடுப்பில் மடங்கி, வயிறு அமுங்கும். அந்த அமுக்கமே உள்ளே போனதை மேலே தள்ளிவிடும். இறுக்கமான டயப்பரும் அரைஞாண் கயிறும் செய்வது அதே வேலை.

சாப்பிட்ட பிறகு 20, 30 நிமிடம் தோளிலோ மடியிலோ நிமிர்த்தி வைத்திருங்கள். உடனே தூளியில் போட்டால் உடம்பு வில்லாக வளைந்து வயிறு மடங்கும். சாப்பாட்டுக்குப் பிறகு எண்ணெய்க் குளியல், தூக்கிப் போட்டு விளையாடுவது, குப்புறப் போடுவது எல்லாம் கொஞ்ச நேரம் கழித்துத்தான். புது உணவைத் தூக்க நேரத்துக்கு முன் கொடுப்பதும் நல்லதல்ல. காலையில் கொடுத்தால் பகல் முழுக்கக் கவனிக்கலாம். ராத்திரி வயிறு நிறைந்தால் நன்றாகத் தூங்கும் என்று நினைத்துத் திணித்தால், நடுராத்திரியில் துணி மாற்ற வேண்டிவரும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாக: கக்குகிறதே என்று தலைக்கு அடியில் தலையணை வைப்பதும், குப்புறப் படுக்கவைத்துத் தூங்கவிடுவதும் வேண்டாம். ரிஃப்ளக்ஸ் உள்ள குழந்தையும் தட்டையான படுக்கையில் மல்லாந்துதான் தூங்க வேண்டும். சாய்வான படுக்கையில் குழந்தை நழுவி, கழுத்து மடங்கி, மூச்சுப் பாதை அடைபடும் அபாயம் இருக்கிறது.

ஒதுக்கி வைக்கும் பட்டியல்

கக்கும் குழந்தைக்கு எது ஆகாது என்று கேட்டால் ஊரே பட்டியல் தரும். வாழைப்பழம் சளி, முட்டை சூடு, உருளைக்கிழங்கு வாயு, தயிர் குளிர்ச்சி. இப்படி ஒவ்வொன்றாகக் கழித்தால் கடைசியில் அரிசிக் கஞ்சி மட்டும்தான் மிஞ்சும். உண்மையில் கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். தக்காளி, புளி, எலுமிச்சை, ஆரஞ்சு போன்ற புளிப்புகள் ஏற்கெனவே புண்பட்ட உணவுக்குழாயை எரிக்கலாம். எனவே நாம் ஆசையாகக் கொடுக்கும் ரசஞ்சாதத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம். கொடுத்தபின் குழந்தை வில்லாக வளைந்து அழுகிறதா என்று பார்த்து முடிவு செய்யுங்கள். ஒரு புது உணவை அறிமுகப்படுத்தினால் மூன்று நாள் வேறு புது உணவு சேர்க்காமல் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எது ஒத்துக்கொள்கிறது என்று அந்த நோட்டு காட்டிக்கொடுக்கும்.

பிறக்கும்போது சேர்த்து வைத்திருந்த இரும்புச்சத்து ஆறு மாதத்தில் கரைந்துவரும். வெறும் கஞ்சியும் வாழைப்பழமும் அதை ஈடுசெய்யாது. நன்றாக வெந்த முட்டை, மசித்த பருப்பு, சாப்பிடும் வீடுகளில் ஈரல், கோழி, மீன் எல்லாம் ஆறு மாதம் முடிந்தபின் மெல்ல வரலாம். கூடவே பப்பாளி, கொய்யா போன்றவை அந்த இரும்பு உடம்பில் சேர உதவும். அரசு தரும் இரும்புச்சத்து மருந்தைக் கக்குகிறாளே என்று நீங்களாக நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் கேளுங்கள்.

முட்டை, வேர்க்கடலை போன்றவற்றைத் தள்ளிப்போட்டால் ஒவ்வாமை வராது என்ற நம்பிக்கை இப்போது இல்லை. 2015-ல் வெளியான லண்டன் லீப் ஆய்வு, ஒவ்வாமை வர வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகளுக்கு வேர்க்கடலையைச் சீக்கிரமே கொடுத்தபோது ஒவ்வாமை பெருமளவு குறைந்ததைக் காட்டியது. முழுக் கடலையாக அல்ல, மைய அரைத்துக் கூழில் கலந்துதான். கடுமையான கரப்பான் இருந்தால் முதலில் மருத்துவரிடம் பேசுங்கள். தேன் மட்டும் ஒரு வயதுக்கு முன் தொட்டு வைக்கக்கூடக் கூடாது. உப்பும் சர்க்கரையும் ஒரு வயது வரை தேவையே இல்லை.

மலச்சிக்கலையும் மறந்துவிடாதீர்கள். வயிறு உப்பி, குழந்தை முக்கி முக்கி இருக்கும்போது கக்கலும் கூடும். சோறு தொடங்கியதும் கொதித்து ஆறிய தண்ணீர் ஒன்றிரண்டு வாய் கொடுத்துப் பழக்குங்கள்.

எல்லா வாந்தியும் ரிஃப்ளக்ஸ் அல்ல

சாப்பிட்டு ஒன்று முதல் நாலு மணி நேரம் கழித்து, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்து, வெளிறி, துவண்டு போனால் அது உணவு ஒவ்வாமையின் ஒரு வகையாக இருக்கலாம். அரிசியும் ஓட்ஸும்கூட இதைத் தூண்டும் என்பது பலருக்குத் தெரியாது. பசும்பால் புரத ஒவ்வாமையும் ரிஃப்ளக்ஸ் போலவே வேஷம் போடும். மலத்தில் சளியோ ரத்தமோ, தோலில் கரப்பானோ சேர்ந்து இருந்தால் இதைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அவர் சொன்னால் இரண்டு முதல் நாலு வாரம் பால் பொருட்களை நிறுத்திப் பார்ப்பார்கள். தாய்ப்பால் கொடுக்கும் நீங்கள், அவரைக் கேட்காமல் எல்லாவற்றையும் நிறுத்திப் பட்டினி கிடக்க வேண்டாம்.

அப்புறம், தொக்கம் எடுப்பதும் குடல் தட்டுவதும். தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று கைக்குழந்தையின் வாயில் விரலை விடுவதும், ஊதி எடுப்பதும், தலைகீழாகப் பிடித்து உலுக்குவதும் உயிருக்கே ஆபத்து. அன்போடு அழைத்துப் போகிறார்கள் என்பது தெரியும், இருந்தாலும் மறுத்துவிடுங்கள். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு எழுதிய வாந்தி மருந்தை அளவு பார்த்து ஊற்றுவதும் அப்படித்தான். டாம்பெரிடோன் போன்ற மருந்துகள் இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடியவை. அமிலத்தைக் குறைக்கும் மருந்துகள், நன்றாக வளர்ந்துவரும் குழந்தையின் வெறும் கக்கலை நிறுத்துவதில்லை.

பச்சை நிற வாந்தி, ரத்தம் அல்லது காப்பித்தூள் போன்ற வாந்தி, பீய்ச்சி அடிக்கும் வாந்தி, வயிறு கல்லாக வீங்குவது, மூச்சுத் திணறல், சிறுநீர் குறைவது, துவண்டு கிடப்பது, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். எடை நிற்பது, பாலையே மறுப்பது, ஆறு மாதத்துக்குப் பிறகு புதிதாகக் கக்கத் தொடங்குவது, ஒரு வயது தாண்டியும் நிற்காமல் இருப்பது எல்லாம் அந்த வாரத்திலேயே மருத்துவரைப் பார்க்க வேண்டியவை. முந்தைய வேளை பீட்ரூட் கொடுத்திருந்தால் சிவப்பைப் பார்த்துக் கலங்குவதற்கு முன் அதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள், எங்கள் வீட்டில் அப்படி ஒரு மாலை நடந்தது. சந்தேகம் இருந்தால் கக்கிய துணியை அலசாமல் ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள், அல்லது வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வையுங்கள். பச்சையா, மஞ்சளா என்று மருத்துவர் கேட்கும்போது நாம் வாயால் சொல்லும் நிறத்தைவிட அது அவருக்கு அதிகம் உதவும்.